ரேடியேட்டரில் காற்று

"இதை இப்போ நான் எப்படி எழுதறது?" என்று கேட்டார் ரோஸ்விதா ஸ்டூவே.

பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் மேசைமேல் இருந்த காப்பிக் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓல்டர்பீக் திரைப்பட அன்பர் சங்கத்தின் முப்பத்தொரு வருட வாழ்க்கையில் சண்டையில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது. நாலு பேர் ஆதரவு. செயலாளர் ரோஸ்விதா மட்டும் நடுநிலை. அப்பேர்ப்பட்ட தீர்மானத்தை எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"எழுதாம விட்டுட்டா என்ன?" என்றார் தலைவர் ஹார்ட்முட் பிரேசெ.

"விதி ஏழு. எடுத்த தீர்மானத்தை ஒரு வாரத்துக்குள்ள சந்தைத் திடல் அறிவிப்புப் பெட்டியில ஒட்டியே ஆகணும். நீங்க எழுதின விதிதான், ஹெர் பிரேசெ."

"அப்போ எனக்கு முப்பத்திமூணு வயசு. எனக்கு என்ன தெரியும்?"

"விதிக்கு அது தெரியாதே."

ரோஸ்விதா நிலப்பதிவு அலுவலகத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யார் வேலி யார் நிலத்தில் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்பது ஊர் முழுக்க அவருக்கு மனப்பாடம். ஹார்ட்முட்டோடு இருபத்திரண்டு வருடம் ஒரே கெண்டியில் காப்பி குடித்தும் 'ஹெர்', 'ஃப்ராவ்' என்று திரு, திருமதி போட்டுக் கூப்பிடுவதை விடாதவர். பொய் எழுதச் சொன்னால் அவருக்குக் கை வராது.

நடந்தது இவ்வளவுதான். நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மாடியறையை, பொம்மை ரயில் ஓட்டிப் பொழுதுபோக்கும் குட்டி ரயில் சங்கத்தார் கேட்கிறார்கள். அவர்களுக்கு உறுப்பினர் நாற்பத்திமூன்று, தண்டவாளம் நூற்றைம்பது மீட்டர். திரைப்பட அன்பர்கள் தங்கள் படம் ஒன்றை ஐம்பது பேராவது பார்த்தார்கள் என்று நவம்பர் முடிவதற்குள் நிரூபிக்க வேண்டும். திரையரங்கின் முத்திரை இருந்தால் போதும். இல்லையென்றால் நகராட்சி அதிகாரி நேரில் வந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவார். இரண்டும் இல்லையென்றால் அறை ரயிலுக்கு.

ஹார்ட்முட் கடைசியாக எடுத்தது, கடலணைமேல் மேயும் ஆடுகளின் ஓராண்டு வாழ்க்கை. ஐம்பத்திரண்டு நிமிடம். பார்த்தவர்கள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓல்டர்பீக்கில் அவர் கடிதம் கொடுக்காத வீடும் இல்லை, அவர் படம் பார்த்த வீடும் இல்லை. அவர் மனைவி ஆன்கேவே, "ஆட்டை நான் சமையக்கட்டு ஜன்னல்லயே பாக்கறேனே, அதுக்கு எதுக்கு நாற்காலி?" என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் வலித்தது. ஒரே ஒரு தடவை அரங்கு நிறைய வேண்டும், அதில் ஒரு நாற்காலியில் ஆன்கே இருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

யோசனை சொன்னவர் எக்கார்ட். ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சங்கத்தின் ஒளிப்பதிவாளர்.

"கூப்பிடாமயே ஐம்பது பேர் வந்து உக்கார்ற படம் உலகத்துல ஒண்ணுதான்யா இருக்கு. அந்த மாதிரிப் படம். ஹாம்பர்க்ல என் ஒண்ணுவிட்ட தம்பி வேலை பாக்கற கொட்டகையில, நம்மள மாதிரி கத்துக்குட்டிங்க எடுத்ததைத்தான் போடறாங்க. போட்டமா, முத்திரை குத்திக்கிட்டமா, வீட்டுக்கு வந்தமான்னு இருக்கலாம். இங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

கதையும் அவரே வைத்திருந்தார். வீட்டில் பெண் தனியாக இருக்கிறாள், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சூடாகவில்லை, சரிசெய்ய ஆள் வருகிறான்.

"அந்த மாதிரிப் படத்துல எப்பவும் இதான் கதை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

நடிக்க வெளியாள் தேட வேண்டியிருக்கவில்லை. சங்கத்தில் தோர்பென் இருந்தான். நிஜமாகவே வீடு வீடாகப் போய் வெப்பக் குழாய் மாட்டுகிறவன், பார்க்க லட்சணமானவன். அவன் மனைவி ஸ்வான்யே ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். புருஷன் பெண்டாட்டிதானே என்றதும் ஹார்ட்முட்டின் மனச்சாட்சி பாதி தூங்கிவிட்டது. தோர்பென் தயங்கினான். ஸ்வான்யே தயங்கவில்லை.

"பதினோரு வருஷமாச்சு. கேமரா முன்னாடியாவது இவன் என்னை நிமிந்து பாக்கட்டும்" என்று கையைத் தூக்கினாள்.

இதைத்தான் ரோஸ்விதா இப்போது எழுத வேண்டும்.

"'வீட்டு வெப்பமூட்டல் குறித்த படம்'னு எழுதுங்க. ரேடியேட்டர் வருதா இல்லையா?" என்றார் எக்கார்ட்.

ரோஸ்விதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வருது. பொய்யில்ல. எழுதறேன். ஆனா சட்டப்படி கீழே வரவேண்டிய அடிக்குறிப்பு வரும். அதை எடுக்கச் சொல்லி யாரும் என்கிட்ட வரக்கூடாது."

"போடுங்க, போடுங்க" என்றார் ஹார்ட்முட். எப்படியாவது கூட்டம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து அவர் சந்தைத் திடல் பக்கமே போகவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தால் காது சூடேறிவிடும் என்று பயம். ரொட்டி வாங்கக்கூடத் தேவாலயத்தின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார். அங்கேதான் மருந்துக்கடை லோர்ன்சென் அவரைப் பிடித்தார்.

"மொயின், ஹார்ட்முட். அந்த வெப்பமூட்டல் படம். இங்க எப்போ காட்டறீங்க?"

ஹார்ட்முட் திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு ஹார்ட்முட் யாரும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"அது... ஹாம்பர்க்ல மட்டும்தான்."

"ஏன், நாங்க என்ன பாவம் பண்ணோம்? ஹாம்பர்க்காரனுக்குத்தான் குளிருமா? எனக்கு முன் வரிசையில ரெண்டு இடம் போட்டு வை. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

மறுநாள் பாடகர் குழுத் தலைவி கேட்டார். அதற்கு மறுநாள் பாதிரியார் ஃப்ராவ் ஈவெர்சென் சைக்கிளிலிருந்து இறங்கி, கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். ஹார்ட்முட் கண்ணாடிக் கடைக்கு ஓடினார்.

"எக்கார்ட், ஊரே கேக்குதுய்யா!"

"கேக்காம? எரிவாயு விக்கிற விலைக்கு ஜனங்க வீட்டுக்குள்ளயே தொப்பி போட்டு உக்காந்திருக்காங்க. ரேடியேட்டர் படம்னா பறக்கத்தான் செய்வாங்க."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் ஆன்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "இந்தப் படத்துக்கு நான் வர்றேன்" என்றாள்.

ஹார்ட்முட்டின் கையிலிருந்து கிழங்கு உருண்டு மேசைக்கடியில் போயிற்று.

"நீயா? எதுக்கு?"

"நம்ம வீட்டுச் சூடும் முன்ன மாதிரி இல்லையே" என்றாள் ஆன்கே, கிழங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஹார்ட்முட் அன்று தூங்கவில்லை. முப்பது வருடமாகக் கும்பிட்டுக் கூப்பிட்டும் வராதவள் இப்போது தானாக வருகிறேன் என்கிறாள், அதுவும் காட்டவே முடியாத படத்துக்கு. காலையில் எக்கார்ட்டிடம் போய், ஊருக்காக நிஜமாகவே ஒரு ரேடியேட்டர் படம் எடுத்தாக வேண்டும் என்றார்.

"எடுத்துட்டாப் போச்சு. அதே நாள், அதே வீடு, அதே ஆளுங்க. முதல் பத்து நிமிஷம் ரேடியேட்டரை ஒழுங்கா எடுப்போம், அது ஊருக்கு. அதுக்கப்புறம் நடக்கறது ஹாம்பர்க்குக்கு" என்றார் எக்கார்ட். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த சந்தோஷம் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அணைக்குப் பின்னால் எக்கார்ட்டின் அக்காவுக்குச் சொந்தமான விடுமுறை வீட்டில் படப்பிடிப்பு. கோடைக்குப் பிறகு யாரும் அந்த வீட்டைத் திறக்கவில்லை. உள்ளே பதினோரு டிகிரி. ஸ்வான்யே பட்டு இரவங்கிக்கு மேல் முழங்கால்வரை கம்பளிக் கோட்டைப் போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"சூடு வர்ற வரைக்கும் இந்தக் கோட்டைக் கழட்டமாட்டேன். சொல்லிட்டேன்."

"தோர்பென், ஆரம்பி" என்றார் ஹார்ட்முட்.

தோர்பென் சின்னச் சாவியை எடுத்து, ரேடியேட்டரில் அடைபட்ட காற்றை வெளியே விடும் திருகைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. அவன் முகம் மாறியது. குழாயைத் தடவினான், காதை வைத்துக் கேட்டான்.

"அழுத்தமே இல்ல. கீழ பம்ப் மாட்டிக்கிச்சு."

"இருக்கட்டும்ப்பா. நடிச்சா போதும்."

"தலைவரே, மாட்டின பம்ப்பைப் பாத்துட்டு எப்படி விட்டுட்டுப் போறது? நாளைக்கு எவனாவது வந்து, இதைப் பாத்தவன் எவன்டான்னு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவன் நிலவறைக்கு இறங்கிவிட்டான். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு எக்கார்ட் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டணார் டணார் என்று சுத்தியல் சத்தம்.

அடுத்த நிமிடம் வேலிக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு ஃப்ராவ் டிர்க்சென்.

"ஞாயித்துக்கிழமை! ஞாயித்துக்கிழமை சத்தமே போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, சுத்தியலா? நான் போலீசைக் கூப்பிடறேன்!"

ஹார்ட்முட் தோட்டத்துக்கு ஓடினார். பலான படம் எடுக்கும் வீட்டுக்குப் போலீஸ் வந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. திரைப்பட சங்கத்துலேருந்து வந்திருக்கோம். வெப்பமூட்டல் பத்தின படம்."

ஃப்ராவ் டிர்க்சென்னின் வாய் திறந்தபடியே நின்றது.

"அந்தப் படமா? இங்கயா எடுக்கறீங்க?"

போலீஸ் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு கையில் வெண்ணெய்க் கேக்குத் தட்டும் மறுகையில் மடக்கு நாற்காலியுமாக ஃப்ராவ் டிர்க்சென்தான் வந்தார். அறை மூலையில் நாற்காலியை விரித்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் இருக்கறதாவே நெனைக்காதீங்க."

"ரொம்ப நேரமாகும், ஃப்ராவ் டிர்க்சென். சலிப்பா இருக்கும்."

"எனக்கென்ன அவசரம்? நீங்க மெதுவாவே பண்ணுங்க."

அவரை வைத்துக்கொண்டு எப்படி ஹாம்பர்க் பாகத்தை எடுப்பது? ஹார்ட்முட் ரோஸ்விதாவைப் பார்த்தார். ரோஸ்விதா குறிப்பேட்டில் 'பார்வையாளர்: ஒருவர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து முழங்கைவரை கரியோடு தோர்பென் மேலே வந்தான். ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டான். சோபாவில் கோட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்வான்யே அதுவரை பொறுத்தாள்.

"இந்த வீட்டுக்காரி யாருன்னே உனக்குத் தெரியாது. அவளுக்கு ஞாயித்துக்கிழமையும் வந்து பம்ப்பைச் சரிபண்ற. நம்ம படுக்கையறை ரேடியேட்டர் மூணு வருஷமா ஐஸா கெடக்கு!"

"நீ சொல்லவேயில்லையே?"

"கம்பளி சாக்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கறேன் தோர்பென், ஜூன் மாசத்துல! அதுக்கு மேல என்னத்த சொல்லணும்?"

"உனக்கு சாக்ஸ் பிடிக்கும்னு நெனச்சேன்."

"கடவுளே" என்றார் மூலையிலிருந்து ஃப்ராவ் டிர்க்சென், கேக்கை மென்றபடி.

தோர்பென் திருகைத் திருப்பினான். இந்தத் தடவை உஸ்ஸென்ற சத்தம் நீளமாக வந்தது. பிறகு இரண்டு இருமல். பிறகு துருத் தண்ணீர் பீய்ச்சி அவன் மூக்கில் அடித்தது. குழாய்க்குள் தண்ணீர் குடுகுடுவென ஓடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஸ்வான்யே ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அப்புறம் கோட்டின் இடுப்புக் கட்டை அவிழ்த்து, அதன் நுனியால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

"நம்ம வீட்டுக்கு எப்போ வருவ?"

"இப்பவே வர்றேன்" என்றான் தோர்பென்.

கருவிப் பெட்டியை மூடினான். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

"தோர்பென்! படம்?" என்று வாசல்வரை ஓடினார் ஹார்ட்முட்.

"மன்னிச்சிடுங்க தலைவரே, வீட்ல வேலை இருக்கு!"

அன்று பகல் முழுவதும் தோர்பென் கழற்றியது ஒரு ஜோடிக் கையுறையும் பம்ப்பின் மூடியும்தான். எக்கார்ட் கேமராவை நிறுத்தவே மறந்திருந்தார். எடுத்ததை அப்படியே ஹாம்பர்க் தம்பிக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"அண்ணே, இது அந்த மாதிரிப் படமில்ல, கல்யாணம். அதான் எல்லார் வீட்லயும் ஓடுதே."

ஆக, ஹாம்பர்க் கைவிட்டது. மிச்சம் இருந்தது ஓல்டர்பீக்தான். ஹார்ட்முட் இரண்டு வாரம் உட்கார்ந்து படத்தை நாற்பத்திமூன்று நிமிடத்துக்கு வெட்டினார். வெட்ட வெட்ட அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பத்தொரு வருடமாக ஆடு, நாணல், படகுத்துறை என்று எடுத்தவர். ஒரு மனுஷி ஒரு மனுஷன் மூக்கைத் துடைப்பதை இப்போதுதான் எடுத்திருக்கிறார். ஒளித்து வைத்திருந்த வெட்கமெல்லாம் போய், பெருமையாக இருந்தது.

நவம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று முடிவாயிற்று.

"அதே காகிதத்துல தேதியையும் நேரத்தையும் மட்டும் சேத்துட்டேன். தீர்மானத்துல வேற ஏதாவது மாத்தணும்னா இன்னொரு கூட்டம் போடணும்" என்றார் ரோஸ்விதா.

"எதுக்கு மாத்தணும்? வெப்பமூட்டல் படம், வெப்பமூட்டல் படமாவே வந்துடுச்சே!" என்று சிரித்தார் ஹார்ட்முட்.

முந்தின நாள் ஆன்கேவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அந்தப் படத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஆன்கே."

"மூச்சு விடாத. முன்னாடியே தெரிஞ்சா என்ன சுவாரசியம் இருக்கும்?" என்றாள் அவள். கண்ணாடி முன் நின்று காதில் முத்துத் தோட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு, முன்பு தீயணைப்பு வண்டி நின்ற கீழ்க்கூடத்தில் போட்டிருந்த எண்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. பிறகு வந்தவர்கள் தங்கள் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். முன் வரிசையில் லோர்ன்சென் தம்பதி. கதவோரம் பாதிரியார். ஃப்ராவ் டிர்க்சென் ஏற்கெனவே பார்த்ததையே பார்க்க வந்திருந்தார். "அன்னிக்கு நான் போனப்புறம் எடுத்தீங்களோ என்னவோ" என்றார். குட்டி ரயில் சங்கத்தின் நாற்பத்திமூன்று பேரும் தலைவரோடு வந்து சேர்ந்தாற்போல் உட்கார்ந்தார்கள். எதிரிகூட வருகிறானே என்று ஹார்ட்முட் ஓடிப்போய் அவர்கள் தலைவரின் கையைக் குலுக்கினார். ஒரு குழந்தையைக்கூட யாரும் கூட்டிவரவில்லை. நடுவில் அழுகைச் சத்தம் இருக்காது என்று நிம்மதி. இரண்டாம் வரிசையில் ஆன்கே, முத்துத் தோடும் உதட்டுச் சாயமுமாக.

நகராட்சி அதிகாரி ஓல்ரிக்ஸ் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு.

விளக்கு அணைந்தது. நாற்பத்திமூன்று நிமிடமும் ஒருவர் இருமவில்லை. பம்ப்பின் மூடி கழன்றபோது ரயில் சங்கத்தார் முன்னால் சாய்ந்தார்கள். 'ஜூன் மாசத்துல!' என்று ஸ்வான்யே கத்தியபோது பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு. அவள் கோட்டின் கட்டில் கை வைத்தபோது கூடம் முழுவதும் சேர்ந்து மூச்சைப் பிடித்ததை ஹார்ட்முட் தன் காதால் கேட்டார். சினிமா என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டார். தோர்பென்னும் ஸ்வான்யேவும் வாசலைத் தாண்டிப் போனார்கள்; திரை கறுத்தது; விளக்கு வந்தது.

கைதட்டினார்கள். பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆட்டுப் படத்துக்கு வந்த ஏழு பேரும் முடிவதற்கு முன்பே கோட்டுப் போட்டுவிட்டார்கள். இங்கே நூற்றுப் பன்னிரண்டு பேரும் மடியில் கை வைத்தபடி, வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்கேவும் அசையவில்லை. ஹார்ட்முட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்னால் போய், முப்பத்தொரு வருடம் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று தழுதழுத்தார். மறுபடி கைதட்டினார்கள், அன்பாகவே தட்டினார்கள். அப்போதும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நகராட்சிப் படிவத்தை எடுத்து ஓல்ரிக்ஸ் முன்னால் நீட்டினார். ஓல்ரிக்ஸ் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறக்கவில்லை.

"அவசரப்படாதீங்க, ஹெர் பிரேசெ, முழுசும் பாக்காம நான் கையெழுத்துப் போடறதில்ல" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அறிவிப்புல கீழ 'பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்'னு போட்டிருந்த பாகம் இன்னும் வரலையே?"